சேவை என்கிற வெட்டி

எங்க தாத்தா செஞ்சி பக்கத்து ஊரில் வெட்டி பார்த்தவர். சாவு சேதி சொல்லப் போவார், செத்த மாட்டைத் தூக்குவார், பறையடிப்பார். கூலி கிடையாது. களத்துமேட்டில் ஊர்க்காரன் மனசு வச்சுப் போடுகிற நெல்தான். கேட்டால், 'காலங்காலமா செய்யறதுதானடா, கூலி இன்னா கூலி?' பம்பாய் மாகாணத்து மகர் வதனும் இதேதான். அதை எதிர்த்து 1928இல் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். பெயர் மானியம், உள்ளே ஓசி உழைப்பு.

பேரன் நானும் வெட்டிதான் பார்க்கிறேன். இப்போ அதுக்குப் பேரு தன்னார்வலர்.

நான் ஆட்டிசம் உள்ளவன். தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். இறுகிக் கிடப்பது யார் மதி? 1995 ஊனமுற்றோர் சட்டம் சொன்ன 7 வகையில் நாங்கள் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் பேர் வந்தது. 2016 சட்டத்தின் 21 வகையில் நாங்களும் உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம். அதில் கடைசி 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லாரும் அடிச்சுக்கணும்.

இங்கே நடக்கும் ஒரு உதவித் திட்டத்தில் 3 வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். தேதி, எண், ரேஷன் கார்டு எழுத்துப் பிழை எதுவும் என் கண்ணில் தப்பாது. போன முகாமில் மைக் செட்டு அலறியது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். 'முடியலேன்னா வூட்டுக்குப் போயேன்' என்றார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து 60 மனு எழுதினேன். மத்தியானம் சென்னையிலிருந்து வந்தவர் ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி 2 மணி நேரம் பேசினார். குழந்தை, குழந்தை, குழந்தை. வளர்ந்தவன் ஒருத்தன் அவருக்கே டீ நீட்டினது அவருக்குத் தெரியவில்லை. நானும் ரெண்டு வார்த்தை பேசட்டுமா என்றேன். 'வேணாம் தம்பி, பெத்தவங்க பயந்துடுவாங்க.' போட்டோவுக்கு மட்டும் முன்வரிசைக்கு இழுத்தார்கள்.

அவருக்குச் சால்வை, கவர். ஒருங்கிணைப்பாளருக்கு மாசச் சம்பளம். எனக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். பஸ் காசுகூட என்னுது. வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது, 'காலனிய நீ பாத்துக்க, ஊர நாங்க பாத்துக்கறோம்' என்றார்கள். ஊனத்துக்குள்ளேயும் ஊர் வேற, சேரி வேற.

கூலி கேட்டேன். 'சேவைன்னு வந்துட்டு காசு கேக்கறியே! உனக்கும் இது ஒரு பயிற்சி மாதிரிதானே?' தாத்தாவுக்குக் கிடைத்த பதில்தான், கொஞ்சம் சலவை செய்து. இருபது வருஷம் செய்தாலும் எனக்கு அது பயிற்சிதானாம்.

செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தேசிங்கு ராஜா பேரை எல்லாரும் சொன்னார்கள். ராஜகிரிக்குக் கல் சுமந்தவன் பேரை எவன் சொன்னான்?

நம்ம தோழர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எதிரியைத் திட்ட மேடையில் 'லூசு', 'குருடன்', 'செவிடன்' என்கிறார்கள். கீழே நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம். நிதானமாகப் பேச ஆரம்பித்தால் 'சீக்கிரம் முடிங்க' என்று சீட்டு வருகிறது. சாதியைச் சொல்லித் திட்டினால் நமக்கு எரியுது, இது மட்டும் எரியமாட்டேங்குது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களில் ஊனமுற்றவர்களை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டம் திருத்தினார்கள். நல்லது. அந்த நாற்காலியில் காலனிக்காரன் உட்காருவானா, ஆட்டிசக்காரன் உட்காருவானா, இல்லை பெரிய வீட்டுப் பிள்ளையேதானா?

போன வாரம் அடுத்த முகாமுக்குக் கூப்பிட்டார்கள். நாள் கூலி எவ்வளவு, மைக்கை எங்கே வைப்பீங்க, பேச எனக்கு எத்தனை நிமிஷம் என்று மூன்று கேள்வி கேட்டேன். 'யோசிச்சு சொல்றோம்' என்றார்கள். நான் இன்னும் போகவில்லை.