வைத்திய மாணாக்கரின் அயல்நாட்டுத் தொண்டும் தேசாடனமும்

வைத்தியம் பயிலும் மாணாக்கர் சில வாரங்கள் அயல்நாட்டு மருத்துவமனையொன்றில் ஊதியமின்றிப் பணிபுரிந்து, எஞ்சிய நாட்களில் அந்நாட்டின் மலைகளையும் பழம்பதிகளையும் கண்டு மீளும் வழக்கம் இக்காலத்திற் பெருகி வருகின்றது. மேனாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் இஃது பாடத்திட்டத்தின் ஒரு கூறாகவே அமைந்துளது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இங்ஙனம் வந்து செல்லும் பிறநாட்டு மாணாக்கரை நம்மவர் அறிவர். நம் நாட்டு இளைஞருக்கும் இவ்வாசை உண்டாகியிருத்தல் இயல்பே. இதனைப் பெருந்தியாகமென்று சிலர் புகழ்வர். தொண்டென்னும் போர்வை போர்த்த உல்லாசப் பிரயாணமென்று வேறு சிலர் இகழ்வர். இவ்விரு கூற்றுகளும் பாதி உண்மையே என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, ஊர் பார்த்தல் குற்றமன்று. தன் ஊரையன்றி வேறறியாத வைத்தியன், தான் கண்ட நோயே உலகத்து நோயெல்லாம் என எண்ணி மயங்குதல் கூடும். 1952-ஆம் ஆண்டில் அர்ஜெந்தீனா தேசத்து வைத்திய மாணாக்கராகிய எர்னெஸ்தோ குவேரா, தம் நண்பர் அல்பெர்த்தோ கிரனாதோவுடன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டார். வழியில் அவ்வண்டி பழுதாகவே, எஞ்சிய தூரத்தைக் கிடைத்த வண்டிகளிற் கடந்தனர். பெரு நாட்டில் மாச்சு பிச்சு என்னும் பழைய மலைநகரைக் கண்டு வியந்தனர். பின்னர் அமேசான் ஆற்றங்கரையிலுள்ள சான் பாப்லோ தொழுநோயாளர் குடியிருப்பிற் சில நாட்கள் தங்கினர். கையுறையின்றி நோயாளர் கைகளைப் பற்றிக் குலுக்கி, அவர்களோடு பந்து விளையாடினர். பின்னாளிற் குவேரா கைக்கொண்ட ஆயுத மார்க்கத்தை நாம் ஒப்பவில்லை. ஆயினும், அப்பிரயாணத்திற் கண்ட காட்சிகளே ஓர் இளைஞனின் சிந்தையை மாற்றின என்பதை மறுத்தற்கில்லை.

நமது பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவிலேயே இதனினும் சிறந்த உதாரணம் உண்டு. இடா ஸ்கடர் அம்மையார் இளம்பருவத்தில் திண்டிவனத்திலிருந்த தம் பெற்றோரிடம் வந்தபொழுது, இந்நாட்டில் நிலைத்து வாழும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. ஓரிரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையுற்ற தம் மனைவியரைக் காக்க வேண்டினர். அவ்வம்மையாரோ வைத்தியம் அறியார். வைத்தியராகிய தந்தையாரோ ஆண்மகன் ஆதலின் அவரை அழைக்க அம்மூவரும் இசைந்திலர். மூன்று பெண்களும் மாண்டனர். அமெரிக்கா மீண்டு வைத்தியம் கற்ற அம்மையார் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். 1918-இல் வேலூரிற் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அன்றிரவே வெறும் ஆர்வத்தால் உந்தப்பட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், கற்று வருவதற்கெனத் திரும்பிச் சென்ற பொறுமையே அவர் செய்த முதற்றொண்டு என்போம்.

ஈண்டுத்தான் நாம் கூறவந்த விஷயத்தின் நடுவிடம் உளது. திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என நான்காக வகுத்தார். அயல்நாடு செல்லும் மாணாக்கன் இவருள் யாவன்? அவன் நான்காமவனே, இரண்டாமவனல்லன். தன் நாட்டில் ஆசிரியர் மேற்பார்வையின்றி ஓர் ஊசி போடவும் உரிமையில்லாதவன், ஏழை நாடொன்றிற் காலடி வைத்த மாத்திரத்தில் காயந் தைக்கவும் பிரசவம் பார்க்கவும் தகுதி பெற்றுவிடுவதில்லை. ஆனால், அங்கே தடுப்பார் இல்லை. வெள்ளை மேலங்கி அணிந்தவரையெல்லாம் வைத்தியரென நம்பும் எளிய மக்களோ உளர். அந்நம்பிக்கையைத் தன் பயிற்சிக்கு மூலதனமாக்குதல் தொண்டாகாது. ஏழையின் உடல் எவருக்கும் பாடப்புத்தகமன்று. படுக்கையிற் கிடப்பவரது அனுமதியின்றி அவரைப் படம் பிடித்து ஊரறியக் காட்டுதலும் இவ்வகைத்தே. பழங்கோயிலைக் காண்பது போல் நோயாளியைக் காண்பவன், இரண்டையும் உள்ளபடி கண்டவனாகான்.

தொண்டின் மெய்ம்மையை அளத்தற்கு நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் கிறீன் 1847-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு அமையாது, அங்குள்ள இளைஞருக்கு மேனாட்டு வைத்தியம் போதித்தார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே பாடஞ் சொன்னார். தம் மாணவர் துணைகொண்டு பெருநூல்களைத் தமிழாக்கினார். 1857-இல் பிரசவ வைத்தியமும், 1867-இல் இரண வைத்தியமும், 1872-இல் மனுஷ அங்காதிபாதமும், 1875-இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. தம் மாணவர் உடையிலும் உணவிலும் தம் நாட்டு வழக்கத்தைக் கைவிடலாகாதென்பதும் அவர் கொள்கை. அவர் 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் வைத்தியம் நின்றுபோகவில்லை. அவரிடம் பயின்றோர் தொடர்ந்து நடத்தினர். தான் இல்லாதபொழுதும் நடைபெறும் வேலையை விட்டுச் செல்பவனே தொண்டன்.

நம்மவருள் இதற்கு ஒப்பாவார் சோலாப்பூரிற் பிறந்த துவாரகநாத் கோட்னிஸ் ஆவார். 1938-இல் இந்திய தேசிய காங்கிரஸ் சீனத்துக்கு அனுப்பிய ஐந்து வைத்தியருள் அவரும் ஒருவர். சீனமொழி கற்று, போர்முனையில் இரவுபகலாய் அறுவை சிகிச்சை செய்து, 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 9-இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் அந்நாட்டிலேயே உயிர் துறந்தார்.

சில வாரங்களே தங்கும் மாணாக்கரிடம் இத்துணையும் எதிர்பார்த்தல் தகுமோ எனின், தகாது. ஆயினும் சிறு கைம்மண்ணிலும் அதே மண்ணின் குணம் இருத்தல் வேண்டும். செல்லுமுன், வலி எங்கே, எத்தனை நாளாய், உண்டீரா, உறங்கினீரா என வினவுதற்கேனும் அந்நாட்டுச் சொற்களைக் கற்க. தன்னூரிற் செய்ய உரிமையில்லாததை அங்கும் செய்யற்க. அங்குள்ள செவிலியரும் வைத்தியரும் தன்னைப் பழக்குவதற்குச் செலவிடும் காலம் நோயாளரிடமிருந்து எடுக்கப்பட்ட காலம் என்பதை உணர்ந்து, எழுதுதல், சுமத்தல், துடைத்தல் ஆகிய எளிய பணிகளை மனமுவந்து ஏற்க. உதவச் சென்றேன் என்பதனினும் கற்கச் சென்றேன் எனக் கூறுதல் உண்மையும் பணிவும் ஆகும். இவ்வளவும் செய்தபின் மலையையும் கடலையும் கண்டு களிக்க, அதற்கு நாணவேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று கூறி அமைவோம். கப்பலோ விமானமோ ஏறினாலன்றி அயல்நாடு இல்லையென எண்ணற்க. நெய்வேலியையடுத்த வடக்குத்து வாழ்நரைக் கேண்மின். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய நாள்தொட்டு, முந்திரிக் காடும் செம்மண்ணுமாயிருந்த இப்பக்கத்துக்குப் பல மாநிலத்தவரும் பிழைப்பு நாடி வந்துள்ளனர். தமிழறியாத தொழிலாளி ஒருவன் காய்ச்சலோடு சிகிச்சை நாடி வந்து, தன் நோவைச் சொல்லத் தெரியாது விழிக்கும்பொழுது, அவனுக்கு இவ்வூரே அயல்நாடு. அவன் அருகமர்ந்து, அவன் மொழியில் நான்கு வார்த்தை வினவி, அதனை வைத்தியருக்கு எடுத்துரைக்கும் மாணாக்கன் பணச்செலவின்றி அயல்நாட்டுத் தொண்டு புரிந்தவனாவான். இங்கே அதனைப் பழகியவன் கடல் கடந்து செல்வானாயின், அந்நாட்டார் அவனை விருந்தினனாக அன்று, உறவினனாகவே ஏற்பர். நம் கல்லூரி மாணாக்கரும் மாணாக்கியரும் இதனைச் சிந்திப்பாராக.