பை இலவசம், உழைப்பும் இலவசமா?

இடம்பெயர்ந்த குடும்பங்களைத் தேடிவரும் உதவிகளில் கைப்பணிப் பயிற்சிக்கு எப்போதும் ஓர் இடமுண்டு. தையல், பனையோலை வேலை என்ற வரிசையில், பாவித்து வீசப்படும் சொப்பிங் பைகளைக் கொண்டு கைப்பை, பாய், கூடை செய்வதும் சேர்ந்திருக்கிறது. நல்ல வேலைதான். வீதியோரத்திலும் வாவிக்கரையிலும் கிடக்கும் பொலித்தீன் குறையும். மாடு அதைத் தின்று வயிறடைத்துச் சாவதும் குறையும். ஆனால் இதை எமது பெண்களின் வாழ்வாதாரம் என்று சொல்லுமுன் கணக்கொன்று பார்க்க வேண்டும்.

வேலை கடினமானதல்ல. பையைக் கழுவி நிழலில் உலர்த்தி, கைபிடியையும் அடி ஒட்டையும் வெட்டி நீக்கி, இரண்டு விரல் அகலத்தில் குறுக்கே நறுக்கினால் வளையம் வளையமாக வரும். ஒரு வளையத்துக்குள் மற்றதைக் கோத்து இழுத்துத் தொடுத்துக்கொண்டு போனால் அதுதான் நூல். பிறகு குரோசே ஊசியால் பின்ன வேண்டியதுதான். பன்பாய் இழைத்துப் பழகிய கைகளுக்கு இரண்டு நாள் பயிற்சியே அதிகம்.

நேரம்தான் போகும். அமெரிக்காவில் வீடற்றவர்கள் படுப்பதற்காக இப்படிப் பாய் பின்னும் தொண்டர்கள், ஒரு பாய்க்கு 500 முதல் 700 பைகள் வரை வேண்டும் என்கிறார்கள். அவர்கள் தருமத்துக்குச் செய்கிறார்கள். நாட்கூலிக் கணக்கு அங்கே இல்லை. வயல் வேலைக்குப் போகக்கூடிய எமது பெண்ணொருத்தி அத்தனை பையையும் கழுவி, நறுக்கி, பின்னி முடித்தால் அந்தப் பாய்க்கு யார், என்ன விலை கொடுப்பார்? கடையில் பிளாஸ்ரிக் பாய் மலிவாகக் கிடைக்கிறதே!

இந்த வேலைக்கு முன்மாதிரி காட்டத்தக்கது டில்லியில் அனிதா அகுஜாவும் கணவர் ஷலப்பும் 1998இல் தொடங்கிய ‘கொன்சேர்வ் இந்தியா’. அவர்களும் முதலில் பைகளை நெய்துதான் பார்த்தார்கள். உழைப்பு மிகுதி; பொருள் எடுபடவில்லை. அதன்பின் பைகளை நிறவாரியாகப் பிரித்து, கழுவி, அடுக்கி, இயந்திரத்தில் சூடேற்றி அழுத்தித் தகடாக்கினார்கள். சாயம் சேர்க்கவில்லை, பையின் நிறமே பொருளின் நிறம். அதில் தைத்த கைப்பைகள் வெளிநாடுகளுக்குப் போயின. அங்கே இயந்திரமும், வடிவமைக்கத் தெரிந்தவரும், வாங்க ஆளும் இருந்தார்கள். எமக்கு ஊசியை மட்டும் கொடுத்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமா?

எமது கரையிலேயே இன்னொரு வழி உண்டு. அறுகம்குடாவில் ‘றைஸ் அன்ட் கரி’ என்ற நிறுவனம் பாவித்த அரிசிச் சாக்குகளில் பைகள் தைத்து உல்லாசப் பயணிகளுக்கு விற்றது. சாக்கு அகலமான துணி போன்றது; நறுக்கித் தொடுக்கும் வேலை இல்லை, தையல் மெசின் போதும். நெல் விளையும் சித்தாண்டிப் பக்கத்தில் சாக்குக்குப் பஞ்சமில்லை. வெயிலில் கிடந்து நைந்துபோன சாக்கு மட்டும் உதவாது. பாசிக்குடா ஹோட்டல்களும் தூரமில்லை. பயிற்சிக்குச் செலவழிப்போர் முதலில் அங்கே போய், எத்தனை பை எடுப்பீர்கள் என்று கேட்டு வரட்டும். சொப்பிங் பையோ இனி முன்போல் குவியாது. 2025 நவம்பர் 1 முதல் அதற்குக் கடைகள் விலை அறவிட வேண்டும் என்று நுகர்வோர் அதிகாரசபை விதித்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பைகளை அடுக்கி அயன் பண்ணி ஒட்டுவதானால் வெளியே காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். கிருமிநாசினி வந்த பையையோ போத்தலையோ எந்தக் கைப்பணிக்கும் எடுக்காதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் சரி.

கைப்பணி காணிக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 செப்ரெம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது தங்கள் மாடுகளுக்கான புல்தரையை. காணி கேட்கும் குடும்பத்தின் கையில் குரோசே ஊசியைக் கொடுத்து, ‘வாழ்வாதாரம் வழங்கப்பட்டது’ என்று அறிக்கை எழுதினால், காணிப் பிரச்சினை கோப்புக்குள் போய்விடும்.

ஆகவே பயிற்சிக்கு அழைக்க வருபவரிடம், பெயர் கொடுக்குமுன் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். வாங்குபவர் யார், ஒரு பொருளுக்குக் கையில் எவ்வளவு, விற்காமல் திரும்பி வந்தால் நட்டம் யாருக்கு? பதில் வராவிட்டால் பயிற்சிக்குப் போகலாம், தடையில்லை. சந்தைக்குக் கொண்டுபோக உங்களுக்கென்று ஒரு பை பின்னிக்கொண்டு வாருங்கள். அறுவடைக் கூலியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.