பயந்த பிள்ளையை வீட்டில் நிறுத்தலாமா?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

ஜூனில் பள்ளி திறந்ததும் தென்காசிப் பக்கத்திலிருந்து எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "காலையில வயித்த வலிக்குன்னு அழுதான், வேன் போனதும் சரியாயிருது" என்பார்கள். ஸ்கேன் எடுத்திருப்பார்கள், மந்திரித்துக் கயிறும் கட்டியிருப்பார்கள். அப்பா பிரம்பை எடுத்திருப்பார். ஆச்சி "இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போட்டும்" என்றிருப்பார். பிலடெல்பியாவில் பிள்ளைகளுக்கு மனநல சிகிச்சை அளிப்பவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்த வலி நடிப்பு இல்லை. பயந்தால் வயிறு நிஜமாகவே பிசையும். உடம்பில் கோளாறில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் வலி தொடர்ந்தால் பயத்தைத் தேடுங்கள். எழுந்து வாசிக்கச் சொல்வார்களோ, வாய் குழறினால் சிரிப்பார்களோ, நாம் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எதுவாகவும் இருக்கலாம். வீட்டில் நிறுத்தியதும் பயம் அடங்கும். அந்த நிம்மதிதான் வினை. 'போகாததால் தப்பித்தேன்' என்று மனம் படித்துக்கொள்ளும். அடுத்த நாள் பயம் இன்னும் கூடும். பிரம்பெடுத்தாலோ, இருக்கிற பயத்தோடு இன்னொன்று சேரும்.

இதற்குக் கைகொடுப்பது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. நானிருக்கும் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பிலிப் கெண்டால், பதற்றமுள்ள பிள்ளைகளுக்கென்றே 16 வாரப் பயிற்சியை வகுத்தார். 9 முதல் 13 வயதுவரையுள்ள 47 பிள்ளைகளிடம் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டார். முதல் பாதியில் பிள்ளை தன் உடம்பு காட்டும் அறிகுறியைக் கண்டுகொள்ளவும், 'எல்லாரும் சிரிப்பாங்க' என்ற எண்ணத்தைக் கேள்வி கேட்கவும் பழகும். இரண்டாம் பாதி முழுக்கச் செயல்தான். பயப்படும் காரியங்களை லேசானதில் தொடங்கி ஏணிப்படியாக எழுதி, ஒவ்வொன்றாகச் செய்துபார்க்க வேண்டும். வாசிக்கப் பயப்படுகிற பிள்ளை முதலில் அம்மாவிடம் வாசிக்கும். பிறகு சித்தப்பா பிள்ளைகள் முன்னால், பிறகு டீச்சரிடம் மட்டும், கடைசியில் வகுப்பு முழுவதற்கும். ஒரு படி பழகிய பிறகே அடுத்தது. பிள்ளையைத் தேற்றுவது பெரும்பாலும் இந்தப் பாதிதான். அறிவுரை சொல்லி அனுப்பிவிடும் ஆலோசனையில் எனக்கு நம்பிக்கையில்லை.

மாத்திரை பற்றியும் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் பதற்றமுள்ள 488 பிள்ளைகளிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் சிபிடி மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதம். இரண்டும் பெற்றவர்களில் 81. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24. ஆகவே மருத்துவர் மாத்திரை எழுதினால் மிரளாதீர்கள். ஆனால் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, தொடுகிறார்களா, சாதி சொல்லி இழிவுபடுத்துகிறார்களா? அப்படியென்றால் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. பள்ளியைத்தான் போய்க் கேட்க வேண்டும், ஊர் சேர்ந்து கேட்க வேண்டும்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகக் கூச்சப்படாதீர்கள். 'செத்துப்போயிரலாம் போல இருக்கு' என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலும், விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விடாமல், தனியே விடாமல், அன்றைக்கே போங்கள். 14416-க்கு அழைத்தால் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். காசு கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்