டான்சிங் ரோஸ் ரீல்ஸ் மட்டும் போதுமா? 'சார்பட்டா'வின் அசல் ஃபைட் இரண்டாம் பாதியில்தான்!

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் ராஜா தேசிங்கு கதையைக் கேட்காமல் திரும்புவது கஷ்டம். ஆற்காடு நவாப் கப்பம் கேட்டார், தேசிங்கு மறுத்தார், சிறு படையோடு மோதி 1714-ல் களத்திலேயே உயிரை விட்டார். தோற்றும் ஹீரோ. காரணம் சிம்பிள்: தோற்ற மறுநாள் காலையில் எழுந்து ஊர் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலைமை அவருக்கு வரவே இல்லை.

'சார்பட்டா பரம்பரை' கபிலனுக்கு அந்த வசதி கிடையாது.

பா.இரஞ்சித் இயக்கத்தில் 2021 ஜூலையில் அமேசான் பிரைமில் வந்த படம். எமர்ஜென்சி கால வடசென்னை, ஹார்பர் கூலி, ரங்கன் வாத்தியார் என்று முதல் பாதி பறக்கும். 'செகண்ட் ஹாஃப் இழுவை' என்பதுதான் அப்போதிருந்தே பலரின் புகார். ஆனால், படமே அங்கேதான் இருக்கு.

வேம்புலியை கபிலன் கிட்டத்தட்ட வீழ்த்திவிட்டான். அப்போது மேடையேறி அவனை அவமானப்படுத்துவது எதிரிகள் அல்ல, சொந்தப் பரம்பரையைச் சேர்ந்த தணிகையின் ஆட்கள். அதன்பிறகு கத்தி, ஜெயில், சாராயம், தொப்பை. குத்துச்சண்டை வீரனாக இருந்து ரவுடியாகி வெட்டுப்பட்டுச் செத்த அப்பாவைப் போல ஆகிவிடுவான் என்றுதான் அம்மா பாக்கியம் அவனை ரிங் பக்கமே விடவில்லை. கடைசியில் அவள் பயந்த அதே ஆளாகிவிடுகிறான். இதை எந்த நாக் அவுட்டும் சரி பண்ண முடியாது.

மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'ரேஜிங் புல்' (1980) இதே இடத்தைத்தான் தொட்டது. ஜேக் லமோட்டா சாம்பியன் ஆகிறான். சந்தேகத்தால் மனைவியையும் தம்பியையும் இழக்கிறான். ராபர்ட் டி நீரோ அதற்காக சுமார் 27 கிலோ எடை ஏற்றினார், ஆஸ்கரும் வாங்கினார். கடைசியில் லமோட்டாவுக்கு மிஞ்சுவது ஒரு கண்ணாடி மட்டும். கபிலனுக்கோ திட்டுவதற்கு மாரியம்மா, கடற்கரையில் ஓடவிட பீடி ராயப்பன். கவிழ்த்ததும் கூட்டம், தூக்கிவிட்டதும் கூட்டம். வேலை போன மாதம் ஃபோனை எடுக்காமல் ரூமிலேயே கிடந்தவர்களுக்கு இது புரியும்.

அத்தனை வருஷத் தொப்பை சில நிமிடங்களில் கரைந்துவிடுவதுதான் கொஞ்சம் உதைக்குது. அங்கே இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்.