“துணைக்கு யாரும் வரவில்லையா?”

காலை எட்டு மணிக்குக் குத்தாலம் பேருந்து நிறுத்தத்தில் சற்று நின்று பார்த்தால் நம் ஊர்ப்புற வாழ்வு முழுவதையும் காணலாம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பேருந்துகளும் சுற்றுக் கிராமங்களின் நகரப் பேருந்துகளும் மாணவரையும் தொழிலாளரையும் அலுவலரையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. அக்கூட்டத்தினிடையே வெள்ளைக் கோல் ஏந்திய ஒருவர் தனியே நின்றால், அவர் காதில் முதலில் விழும் கேள்வி, “எங்கே போகவேண்டும்?” என்பதன்று, “துணைக்கு யாரும் வரவில்லையா?” என்பதே. கேட்பவர் கொடியவர் அல்லர்; இரக்கம் உள்ளவரே. ஆயினும் அவ்விரக்கத்துக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: நீ தனியே வெளியில் வரத்தக்கவன் அல்லன் என்னும் தீர்ப்பு. அத்தீர்ப்பை எதிர்த்தே இதனை எழுதுகிறோம்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். இவர்களுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் அவருடன் வரும் உதவியாளர் ஒருவரும் கட்டணமின்றிச் செல்லலாம். இது நல்ல திட்டம். ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் உதவி. ஆனால் பயணச்சீட்டை இலவசமாக்குவது ஒன்று. பயணத்தை இயலச் செய்வது வேறொன்று. முன்னதைச் செய்துவிட்டு, பின்னதையும் செய்து முடித்துவிட்டதாக நாம் நிறைவடைந்துவிட்டோம்.

நம் சிந்தனை எவ்வளவு ஆழமாகத் ‘துணை’யில் வேரூன்றியுள்ளது என்பதற்கு இரயில்வேயின் சலுகை விதிகளே சான்று. பார்வையற்றவர் தனியே சென்றாலும் துணையுடன் சென்றாலும் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கை கால் இயக்கக் குறையுடையோர்க்கும் அறிவுத்திறன் குறையுடையோர்க்கும், துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவராக இருந்தால்தான் சலுகை. அறிவுத்திறன் குறையுடைய ஓர் இளைஞன் பெரிதும் முயன்று தனியே பயணம் செய்யக் கற்றுக்கொண்டால் என்ன ஆகும்? விதியின் சொற்படி அவன் சலுகைக்குரிய வரையறைக்கு வெளியே போய்விடுகிறான். கற்றுக்கொண்டதற்கு இதுவா பரிசு?

துணை எனும் ஏற்பாட்டின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். குத்தாலம் ஒரு காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும், 2020இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. தஞ்சைக்கும் நாகைக்கும் அலைந்த நிலை மாறி, மாவட்டத் தலைநகர் இன்று ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில் வந்து நிற்கிறது. ஆயினும் அடையாள அட்டைக்கோ, மருத்துவச் சான்றுக்கோ, வேலைக்கான நேர்காணலுக்கோ மகன் அங்கே போகவேண்டுமானால், நடவுக் காலத்திலும் தந்தை ஒரு நாள் கூலியை இழக்கிறார். மகளானால் தாய் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிறார். தினந்தோறும் அவ்வாறு செல்ல எவராலும் இயலாது. எனவே கிடைத்த வேலையும் கைநழுவிப் போகிறது. கல்லூரிப் படிப்பும் பாதியில் நிற்கிறது. அந்தத் தாயை இரவில் உறங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு: “எனக்குப் பிறகு இவளை யார் அழைத்துப் போவார்கள்?” இதற்கு நம் இரக்கத்திடம் விடை இல்லை.

விடை பயிற்சியில் இருக்கிறது. தனியே பயணம் செய்வது பிறவியிலேயே சிலர்க்கு வாய்க்கும் துணிச்சல் அன்று. கற்பித்தால் வரும் கலை. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்காக ரிச்சர்டு ஹூவர் என்பவர் நீண்ட கோலை முன்னே இடமும் வலமும் வீசி, அடுத்த காலடி படும் இடத்தை முன்னதாகவே தொட்டறியும் முறையை வகுத்தார். பிறர் தம்மைப் பார்வையற்றவர் என அறிவதற்கான அடையாளமாக இருந்த கோல், வழியை அறியும் கருவியாயிற்று. இன்று அம்முறை உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

பேருந்துப் பயணத்தையும் அவ்வாறே கற்பிக்கலாம். குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை வரை உள்ள வழியையே எடுத்துக்கொள்வோம். முதலில் பயிற்றுநர் அருகில் அமர்ந்து செல்கிறார். வேகத்தடைகள் எத்தனை, எங்கே வண்டி வளைகிறது, எங்கே கடைத்தெருவின் இரைச்சல் தொடங்குகிறது என்பவற்றைப் பார்வையற்றவர் மனத்தில் பதித்துக்கொள்கிறார். அறிவுத்திறன் குறையுடையவர் வண்டியின் பெயர்ப்பலகையைப் படத்தோடு ஒப்பிட்டு அறியவும், இறங்கும் இடத்தை அடையாளம் காணவும் பழகுகிறார். காது கேளாதவர் ஊர்ப்பெயர் எழுதிய அட்டையை நடத்துநரிடம் காட்டுகிறார். பின்பு பயிற்றுநர் பின்னிருக்கைக்கு மாறுகிறார். அடுத்து, இறங்குமிடத்தில் மட்டும் காத்திருக்கிறார். ஒருநாள் அங்கும் அவர் இல்லை. இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டால் என்ன செய்வது, யாரிடம் கேட்பது என்பதும் இப்பயிற்சியின் பகுதியே. தவறாத பயணி எவரும் உலகில் இல்லை. தவறினால் திரும்பிவரத் தெரிந்தவரே பயணி.

“கூட்ட நெரிசலில் விழுந்துவிட்டால்? பெண்பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால்?” என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் ஆபத்து நேரத்தில் யாரை அழைப்பது, எப்படி மறுப்பது, எங்கே நிற்பது என ஒன்றும் கற்பிக்கப்படாத பெண்ணா பாதுகாப்பானவள்? வீட்டில் பூட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று அழைப்பது நம் மனச்சாட்சியை உறங்கவைக்கும் ஏமாற்று.

“முதலில் பேருந்தைச் சரிசெய்யட்டும், பயிற்சி பின்னர் ஆகட்டும்” என்பாரும் உளர். இக்கூற்றில் பாதி உண்மை. தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் தளம் உள்ள பேருந்தில், சக்கர நாற்காலியில் இருப்பவர் எப்பயிற்சி பெற்றும் ஏற இயலாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பேருந்துகளை மாற்றியமைக்கச் சொன்னது. ஆனால் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்ற சாக்கையும் உடன் கொடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் போக்குவரத்தை அணுகுவதற்கு உரிய வசதிகளைச் செய்துதரும் கடமையை அரசின்மீது சுமத்தியது. அணுகல் விதிகள் பரிந்துரைகளாக நின்றால் போதா, கட்டாயமாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றத்தில் நடந்த நீண்ட வழக்குக்குப் பின் அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. சென்னைக்குத் தாழ்ந்த படி காவிரிக் கரைக்கு ஏன் தாழக்கூடாது? ‘ஊனமுற்றோர்’ என்ற பெயரை மாற்றினோம்; படியை மாற்றவில்லை.

1978 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் 19 பேர் சக்கர நாற்காலிகளோடு பேருந்துகளை மறித்து இரவு முழுவதும் நடுச்சாலையில் இருந்தனர். வேட் பிளாங்க் என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகர் அவர்களின் போராட்டத்துக்குத் தோள்கொடுத்தவர். எல்லாரும் ஏறும் பேருந்தில் தாங்களும் ஏறவேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. பயணம் செய்ய விரும்புவோர் வெளியே வந்து நின்றபோதுதான் பேருந்து மாறத் தொடங்கியது. வீட்டுக்குள் இருப்பவருக்காக எந்தப் போக்குவரத்துக் கழகமும் தானாகப் படியைத் தாழ்த்தியதில்லை. எனவே பயிற்சியும் பேருந்தும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டா. இரண்டும் இன்றே தொடங்கட்டும்.

சிறப்புப் பள்ளிகள் பயணப் பயிற்சியைக் கால அட்டவணையில் ஒரு பாடமாகச் சேர்க்கவேண்டும். மாவட்டம்தோறும் பயிற்றுநர் நியமிக்கப்படவேண்டும். நிறுத்தத்திலேயே வண்டியை நிறுத்துவதும், செல்லும் ஊரையும் வந்த ஊரையும் உரக்கக் கூறுவதும் ஓட்டுநர், நடத்துநர் பயிற்சியில் இடம்பெறவேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

இனி நமக்கு வருவோம். நம் பங்குகளில் விழா நாள்களில் மேடை அமைத்துச் சக்கர நாற்காலி வழங்குகிறோம், நிழற்படமும் எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் அந்த நாற்காலி எங்கே போகிறது என்று எவரேனும் கேட்டதுண்டா? நம் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேடை வேண்டா. பயிற்சி தெரிந்த ஒருவரிடம் முறையைக் கற்றுக்கொண்டு, உங்கள் ஊரிலுள்ள ஒருவருடன் மூன்று மாதம் பேருந்தில் செல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் கேட்டால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள். பின்பு மெல்ல விலகுங்கள். நீங்கள் தேவையற்றவராகும் நாளே உங்கள் தொண்டு நிறைவேறிய நாள்.

அன்று குத்தாலம் நிறுத்தத்தில் அவர் தனியே நிற்பார். பேருந்து வரும். எல்லாரிடமும் கேட்பதையே நடத்துநர் அவரிடமும் கேட்பார்: “எங்கே போகவேண்டும்?”