ஆறு சென்ரிமீற்றர்க் கோடு

அப்பாவின் வில்லுக்கத்தியை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். 2018 ஆம் ஆண்டு மகளைப் பார்க்க ரொறன்ரோ போகும் வழியில், ஒரு விமான நிலையத்தின் சோதனை மேசையில் அது பிடிபட்டது. அலுவலர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. கத்தியை விரித்துப் பார்த்தார், மடித்தார், பெட்டியைக் காட்டினார். அதற்குள் கத்தரிக்கோல்கள், சிகரெட் லைற்றர்கள், யாரோ ஒரு பெண்ணின் தையல் டப்பா. பின்னால் நிற்பவர்கள் அவசரப்பட்டார்கள். நானே என் கையால் போட்டேன்.

வெங்காயத் தோட்டம் செய்த அப்பா வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டும் ஓலை நாரை அந்தக் கத்தியால்தான் வாருவார். தீட்டித் தீட்டி அலகு வேப்பிலை போல ஒடுங்கியிருந்தது. மாட்டுக்கொம்புப் பிடியில் அவருடைய பெருவிரல் பதியும் இடம் மட்டும் பளபளக்கும். 1984 முதல் சுன்னாகத்தில் தையல் மெசின் திருத்தி வரும் எனக்கு அவர் விட்டுப்போன சொத்தில் நான் தினமும் தொட்டது அது ஒன்றைத்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மெசினுக்கு விடும் எண்ணெய் கிடைக்காது. சனம் தேங்காய் எண்ணெயை விட்டார்கள். அது நாள்பட்டுப் பிசின் போல இறுகி, பொபின் சுற்றும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் கால்மிதி மெசின் ஒன்று நின்றுபோனால் ஒரு வீட்டின் அடுப்பும் நின்றுபோகும். அந்தப் பிசினைச் சுரண்டி எடுக்க, ஒடுங்கிய அந்த அலகைப் போல வேறொன்று எனக்கு வாய்க்கவில்லை.

விமானச் சோதனை வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. யாழ்ப்பாணத்தான் அப்படிச் சொல்ல முடியாது. 1978 செப்ரெம்பரில், பலாலியிலிருந்து போய் இரத்மலானையில் ஆட்களை இறக்கிய எயார் சிலோன் அவ்ரோ விமானம், பயணிகள் இறங்கிய பின் குண்டு வெடித்து எரிந்தது. 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அப்போது தரைப்பாதை அடைபட்டிருந்தது, வேறு வழியில்லாமல் ஏறியவர்கள் அவர்கள். பையைத் திறந்து பார்க்கிறவரின் வேலை எவ்வளவு பாரமானது என்று எனக்குத் தெரியும்.

சின்னக் கத்தி விடயமும் அப்படித்தான். 2001 செப்ரெம்பர் 11 வரை அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே விமானத்தில் ஏறலாம். அன்றைக்குக் கடத்தியவர்கள் கையில் இருந்தவையும் சிறிய அலகுகள்தான். 2013 இல், 6 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட சின்னக் கத்திகளை மறுபடி விடலாம் என்று அந்த நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் எதிர்த்து நின்றார்கள். சில மாதங்களில் திட்டம் கைவிடப்பட்டது. மூடிய கதவுக்குள் பயணிகளோடு பறக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் சொல்லுக்குத்தான் மதிப்பு என்பது என் எண்ணம்.

எனக்கு வலிப்பது வேறு. ரொறன்ரோ போய் இறங்கிய பிறகு மருமகன் சொன்னார், கனடாவில் 2017 கடைசியிலிருந்து 6 சென்ரிமீற்றர் வரை அலகுள்ள கத்தியை அமெரிக்காவுக்குப் போகாத விமானங்களில் கையோடு கொண்டுபோகலாம் என்று. அப்பாவின் கத்தியின் அலகு ஐந்தரைதான். போய்ச் சேர்கிற நாட்டில் ஏற்றுக்கொள்ளும் பொருள், வழியில் பெட்டிக்குள் போய்விட்டது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடட்டும். ஆனால் புறப்படும்போது எனக்கு அதை யாரும் என் மொழியில் சொல்லவில்லை. ரிக்கெற்றோடு தந்த தாளில் எறும்பு ஊர்ந்தது போல ஆங்கில எழுத்து. ‘கூரிய பொருட்கள்’ என்ற அளவில் நான் விளங்கிக்கொண்டேன். வெங்காய நார் வாரிய கத்தி என் மனதில் கூரிய பொருளாகவே வரவில்லை. முப்பது வருடம் இடுப்பிலும் சட்டைப்பையிலும் கிடந்த சாமானை ஆள் சாமானாக நினைப்பதில்லை, கைவிரல் போலத்தான் நினைக்கிறான்.

எங்கள் ஊரில் இப்படி இடுப்போடு கிடப்பவை எத்தனை! ஆச்சிமாரின் கொட்டைப்பெட்டிக்குள் வெற்றிலையோடு பாக்குவெட்டி இருக்கும். பெட்டி இழைக்கிற பெண்களிடம் ஓலை வார்கிற சத்தகம் இருக்கும். ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் கூர். சுவிசிலிருந்து வரும் உறவினர் சொக்கலேற்றோடு சிவப்புக் கத்தி ஒன்றும் கொண்டுவந்து பொடியன்களுக்குக் கொடுப்பார்கள். 1884 இல் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறையின் கத்தி அது. பொடியன் அதைத் திறப்புக்கோர்வையில் கொழுவிவிட்டு மறந்துவிடுவான். பிறகு எங்கேயாவது ஒரு சோதனை மேசையில்தான் ஞாபகம் வரும். அந்தக் கம்பனியே இப்போது அலகில்லாத கைக்கருவிகளைச் செய்து பார்க்கிறது. விமானச் சோதனைக்காகவும் நகரங்களில் கத்திக்கு வரும் கட்டுப்பாடுகளுக்காகவும் காலத்தோடு மாறுகிறார்கள். நல்லது.

நானும் மாறினேன். இப்போது பயணத்துக்கு என் சட்டைப்பையில் இருப்பது: 5 சென்ரிமீற்றர்த் தண்டுள்ள குட்டி ஸ்குறூட்றைவர், முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், சாவணம், நகவெட்டி, நூல் சுற்றிய ஊசி, ஒரு பத்து ரூபாய்க் குற்றி. மெசினின் ஊசித்தட்டில் இருக்கும் அகல வாய் ஆணியைக் கழற்ற அந்தக் குற்றியே போதும், சோதித்துப் பார்த்துவிட்டேன். ஐரோப்பாவில் அலகோ தண்டோ 6 சென்ரிமீற்றருக்கு மேலே போனால்தான் மறிக்கிறார்கள். அமெரிக்காவில் கத்தி என்றால் எந்த அளவிலும் விடமாட்டார்கள், ஆனால் 7 அங்குலத்துக்கு உட்பட்ட ஸ்குறூட்றைவரும் குறடும் போகலாம், கத்தரிக்கோலுக்கு நடு ஆணியிலிருந்து 4 அங்குலம். எந்த நாடாக இருந்தாலும் கடைசிச் சொல் மேசையில் நிற்கிறவருடையது. ஆகவே அந்த ஸ்குறூட்றைவர் போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் வைத்திருக்கிறேன். அலகுள்ள சாமான் எல்லாம் துணியில் சுற்றி, பாரமாய்ப் போடுகிற சூட்கேசுக்குள். பவர் பாங்க் மட்டும் நேர்மாறு. அதைச் சூட்கேசில் போடக்கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும், தீப்பிடித்தால் உடனே கவனிக்க. சோதனைச் சாவடியில் ரோச் பற்றறி பறிபோன காலத்தைக் கண்ட எங்களுக்கு, பற்றறியைக் கையிலேயே வைத்திரு என்று சொல்வதைக் கேட்கவே புதுமையாக இருக்கிறது. பற்றறி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், எங்கள் ஊரில் சோதனை என்ற சொல்லுக்கு ஒரு தனிக் கனம் உண்டு. போர்க்காலத்தில் முகமாலைச் சாவடியிலும் ஓமந்தைச் சாவடியிலும் பையைக் கொட்டிக் காட்டியவர்களுக்கு, என்ன விடுவார்கள் என்ன விடமாட்டார்கள் என்பது அந்த இடத்துக்குப் போனால்தான் தெரியும். இன்றைக்கும் வயதானவர்கள் அந்தப் பயத்தோடேயே விமான நிலையத்துக்குப் போகிறார்கள். கேள்வி கேட்பதில்லை. எடுத்தால் கொடுத்துவிடுகிறார்கள்.

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்று 2022 டிசெம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் கல்யாணச் சீலைக்கும் எங்கள் சனம் ஏறுகிற சின்ன விமானங்கள் அவை. சின்ன நிலையம் என்பதே நான் கேட்கப்போவதற்கு வசதி. இரண்டு காரியம் கேட்கிறேன்.

ஒன்று, ரிக்கெற் விற்கிற யாழ்ப்பாணக் கடைகள் ஒவ்வொன்றும் தமிழில் ஒரு துண்டு கொடுக்கட்டும். அதில் ‘கூரிய பொருட்கள்’ என்று எழுதிவிட்டு நிறுத்தாமல் பாக்குவெட்டி, சத்தகம், வில்லுக்கத்தி, குறடு, கத்தரிக்கோல் என்று பெயர் சொல்லி எழுதட்டும். நான் பார்த்த நாடுகளின் பட்டியல் எதிலும் பாக்குவெட்டி இல்லை. அந்தத் துண்டின் ஓரத்தில் சரியாக 6 சென்ரிமீற்றரில் ஒரு கறுப்புக் கோடு அடித்தால், எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சியும் சாமானை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். ஊர் வழக்கத்தைச் சட்டம் பெயர் சொல்லி எழுதுவது நடக்காத காரியமில்லை. இந்தியாவில் சீக்கியரின் கிர்பானுக்கு அலகு 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலம் என்று அளந்து, உள்நாட்டு விமானங்களுக்கு 2022 இல் எழுதிக் கொடுத்தார்கள். 2024 இல் சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக அந்தப் பருவத்துக்கு மட்டும் விட்டார்கள். நாங்கள் விலக்குக்கூடக் கேட்கவில்லை. முன்கூட்டியே சொல்லுங்கள் என்கிறோம்.

மற்றது, தபால். சோதனை மேசைக்குப் பக்கத்தில் தடித்த உறைகளும் ஒரு பேனையும் இருந்தால் போதும். பிடிபட்ட சாமானை உறையில் போட்டு, வீட்டு விலாசம் எழுதி, தபால் காசையும் பயணியே கட்டிவிட்டுப் போகலாம். பாதுகாப்புக்கு வேண்டியது அந்தக் கத்தி விமானத்தில் ஏறாமல் இருப்பது மட்டுமே. அது சுன்னாகத்துக்குத் திரும்பி வந்தால் யாருக்கு என்ன ஆபத்து?

போன மாதம் பக்கத்து ஒழுங்கை ஆச்சி ஒருவர் கடைக்கு வந்தார். விடிந்தால் சென்னைக்குப் பயணம், கண் சத்திரசிகிச்சை. கொட்டைப்பெட்டியை அவிழ்த்துப் பாக்குவெட்டியை என் மேசையில் வைத்தார்.

“மோனை, இதை இடுப்பிலை வைச்சுக்கொண்டு போகலாமோ? என்ரை கலியாணத்துக்கு அம்மா தந்தது.”

அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். அலகு எட்டு.

“ஏலாது ஆச்சி. எடுத்துப் போடுவாங்கள். வீட்டிலை வைச்சிட்டுப் போங்கோ.”

அவர் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிலில் இருந்து, மடியில் துவாயை விரித்து, பெட்டியிலிருந்த பாக்கு முழுவதையும் அங்கேயே சீவத் தொடங்கினார். நான் மெசினை நிறுத்திவிட்டு, சீவலைப் போட ஒரு கடதாசிப் பை தேடினேன்.