குளம் சிறிது, பயன் பெரிது

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்து நீரில் இனம் பெருக்குவன அல்ல. பெருகியோடும் ஆற்றுநீரே அவற்றிற்கு உகந்தது. ஆதலின் மீன் வளர்ப்போர் ஆற்றில் அரித்தெடுத்த குஞ்சுகளையே ஒருகாலத்தில் நம்பியிருந்தனர். வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் அவற்றோடு கலந்து வந்தன. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் அறிஞர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, இம்மீன்களை முட்டையிடச் செய்தார். அதனால் தரமான குஞ்சு எளியோர்க்கும் எட்டும் பொருளாயிற்று.

எனினும், நல்ல குஞ்சு மட்டும் நல்ல விளைவைத் தந்துவிடாது. தீனியை அள்ளிக் கொட்டுவதே திறமை என எண்ணுவோர் பலர். அது பிழையென்பதே என் கருத்து. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு இடைமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரைதேடும். புல்கெண்டையோ நீர்ப்பாசிகளையும் புல்லையும் உண்ணும். இவற்றை அளவறிந்து சேர்த்து வளர்த்தால் குளத்தின் இயற்கை உணவு வீணாகாது. தவிட்டிற்கும் கடலைப் பிண்ணாக்கிற்கும் ஆகும் செலவும் குறையும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சன்றோ! மீன் உண்ணாது விட்ட தீனி அடியில் அழுகி, நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கும். இரவில் பாசிகளும் உயிர்வளியை உட்கொள்வதால், விடியற்காலையில் அது மிகவும் குன்றும். அவ்வேளையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பின், தீனியை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுதல் வேண்டும். நாள்தோறும் விடியலில் கரையில் நின்று பார்க்கும் கண்ணே சிறு வளர்ப்பாளனின் முதன்மையான முதலீடு.

அந்தக் கண் குளத்தின்மேல் நிலைத்திருக்க, குளமும் அவன் கையில் நிலைத்திருத்தல் வேண்டும். ஊர்ப்பொதுக் குளத்தை ஓராண்டு ஏலத்தில் எடுத்தவன், அடுத்த ஆண்டு அது பிறர் கைக்குப் போகுமென அஞ்சுகிறான். தூர்வாரவும், சுண்ணாம்பிட்டு மண்ணைச் சீர்செய்யவும் அவன் மனம் துணியுமா? முற்றாத மீனையும் வாரிச் செல்லவே முனைவான். குத்தகைக் காலத்தை ஐந்தாண்டுகளாக நீட்டி, உள்ளூர் உழைப்பாளர் குழுக்களுக்கு வழங்கினால் குளமும் செழிக்கும், குடும்பமும் செழிக்கும்.

ஊர்ப்பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். படித்த இளைஞர்களும் வேலைக்காக வெளியூர் நோக்குமுன், தம் ஊர்க் குளத்தை ஒருமுறை நோக்குவாராக!